உன் அறிக்கையில் நான் மாற்றிய ஏழு வாக்கியங்கள்

தம்பி,

நேற்று மாலையிலிருந்து உனக்குப் பதினொரு முறை போன் செய்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு இரண்டு நீல டிக் வந்திருக்கிறது, பதில் வரவில்லை. இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தாய். நாளைக் காலை முதல் பஸ்ஸில் உன் அம்மா ஒரகடத்துக்கு உன் அறைக்கு வருகிறாள், இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையில் போட்டு ஒட்டவில்லை. வழியில் அவள் படிக்கட்டும், உன் அறையில் இருக்கும் பையன்கள் படித்தாலும் படிக்கட்டும். இனிமேல் ஒன்றை மூடி ஒட்டிவைக்க எனக்குத் தெம்பு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவன், பிள்ளைகளைப் பயமுறுத்தியே பழக்கப்பட்டவன், இரண்டு நாளாக ஒரு வாய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

வியாழக்கிழமை மாலை நீ போன் செய்தபோது உன் குரலே சரியில்லை. நீ சூப்பர்வைசராக இருக்கும் ஷிப்டில் பிரஸ் மெஷினில் சங்கருக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது என்றாய். முசரவாக்கத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள், இரண்டு பெண் குழந்தைகள் என்றாய். சொல்லும்போது உனக்கு மூச்சு வாங்கியது. பிறகு கொஞ்சம் தேறி, "நடந்தத இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தேன்பா. மேனேஜர் பாத்துட்டு, கம்பெனி ரிப்போர்ட்டுன்னா பாசிவ் வாய்ஸ்லதான் இருக்கணும், ‘ஐ’ன்னு எங்கயும் வரக்கூடாது, மாத்திக்கினு வான்னு சொல்றாரு. நீ கொஞ்சம் மாத்திக் குடேன்" என்றாய். அப்புறம் போனை வைக்கும் முன்னால், "சங்கர் அண்ணனே தன் கவனக்கொறவுதான்னு சொல்லிக்கினு இருக்காராம்பா. அதனால பெரிய பிரச்சனை ஆவாது" என்றாய். அதைக் கேட்டு எனக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல இருந்தது. அதையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

நீ அனுப்பியது ஏழு வாக்கியம். நல்ல ஆங்கிலம்தான், ஒரே ஓர் இடத்தில் காலம் பிசகியிருந்தது. கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பிவலை மூடியை, நீங்கள் கார்டு என்று சொல்வதை, காலை பத்து மணிக்கு நான் கழற்றினேன் என்று எழுதியிருந்தாய். கார்டு இருந்தால் வேலை மெதுவாகப் போகிறது, அதனால் கழற்றினேன் என்று எழுதியிருந்தாய். அது இல்லாமலே ஓட்டும்படி சங்கரிடம் நான் சொன்னேன். அவர் ஒருமுறை தயங்கினார். நான் மறுபடியும் சொன்னேன். எல்லாம் அதில் இருந்தது. ‘நான்’ என்பது நாலு இடத்தில் வந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கார்டு அகற்றப்பட்டிருந்தது. உற்பத்தி இலக்கு கருத்தில் கொள்ளப்பட்டது. இயந்திரம் இயக்கப்பட்டது. தேவையான அறிவுறுத்தல் வழங்கப்பட்டது. சங்கர் தயங்கினார் என்ற வாக்கியத்தைப் பாசிவில் மாற்ற வழியில்லை, அதனால் எடுத்தேவிட்டேன். உனக்குத் திருப்பி அனுப்பும்போது கீழே, "ஒரு பிழைகூட இல்லை" என்று ஒரு வரி சேர்த்து எழுதினேன்.

இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் உன் மேனேஜரைக் குறை சொல்ல முடியாது. நான் கொடுத்ததுதான். உனக்குப் பதின்மூன்று வயது. எதிர்வீட்டுத் தனம் வீட்டுக்காரர்கள் விடிகாலையில் தறிக்கு ஏற்றுவதற்காகத் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். இந்த முக்கிலிருந்து அந்த முக்கு வரைக்கும் மாம்பழ மஞ்சளில் பட்டு இழை. நீ பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூடாத இங்க் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் ஓரமாக ஓடியிருக்கிறாய். பாவில் ஒரு சாண் அகலத்துக்கு நீலம். வெளியே தனம் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. நீ உள்ளே ஓடிவந்து, வெளிறிப்போய், என் முன்னால் அட்டென்ஷனில் நின்று, "அப்பா, தி இங்க் ஹாஸ் பீன் ஸ்பில்ட்" என்றாய். இங்க் சிந்தப்பட்டிருக்கிறது! யாரால் என்பது இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் உனக்கு அந்தப் பாடம் நடத்தியிருந்தேன். செய்தவன் யார் என்று தெரியாவிட்டாலோ, அவன் முக்கியமில்லை என்றாலோ, ‘பை’ போட்டு அவன் பெயரைச் சொல்லும் பகுதியை விட்டுவிடலாம், மார்க் குறையாது என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உன்னை இழுத்து அணைத்துக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமில் வருடக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்தேன். என் பிள்ளை பிரசன்ட் பர்ஃபெக்ட் பாசிவில் மன்னிப்புக் கேட்டான் என்று.

நீ மன்னிப்பே கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. தனமும் அவள் வீட்டுக்காரரும் அன்றைக்கெல்லாம் தெருவில் குந்தி உட்கார்ந்து, கறை பட்ட இழைகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, புது இழை வைத்து, விரலால் திரித்துப் பிணைத்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா அவர்களுக்கு இரண்டு முறை காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், "என் பையன்தான் கொட்டுனான், மன்னிச்சிடுமா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உனக்கு அன்றைக்கு இலக்கணத்துக்கு நூற்றுக்கு நூறு போட்டேன், அதோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

பாசிவ் வாய்ஸ் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆங்கிலத்தை இத்தனை வருடம் தின்றவன் அப்படிச் சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். நம் ஊர்க் கோபுரங்களை எந்தக் கொத்தனார் கட்டினார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் கட்டப்பட்டது என்கிறோம், அதில் ஒரு குற்றமும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு அது நல்ல வழி. தமிழில் பேசும்போது நமக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதும் இல்லை. சோறு என்னால் உண்ணப்பட்டது என்று வீட்டில் எவனாவது சொன்னால் கரண்டியாலேயே வாங்கிக் கட்டிக்கொள்வான். நமக்கு வேறு வழிகள் இருக்கின்றன. உன் அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டு நின்றுவிட்டு, "பால் பொங்கிடுச்சிங்க" என்று பால்மேல் பழி போடுவாள். அதெல்லாம் வீட்டோடு போகும். சிந்தின பாலைத் துடைத்தால் தீர்ந்தது. விரல் போனதை அப்படிச் சொல்ல முடியுமா என்பதுதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வது.

நேற்று, வெள்ளிக்கிழமை காலை, உன் அம்மா என்னிடம் கேட்டாள். முந்தின நாள் நீ என்னிடம் பேசியதை அரைகுறையாகக் காதில் வாங்கியிருக்கிறாள், ராத்திரி அவளிடமும் நீ பேசியிருக்கிறாய். "இன்னாங்க எழுதிக் குடுத்தீங்க? எனக்கும் சொல்லுங்க" என்றாள். நான் போனைத் திறந்து ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கார்டு அகற்றப்பட்டிருந்தது என்றதும், "யாரு அகத்துனது?" என்றாள். அது இதில் இல்லை என்றேன். இயந்திரம் இயக்கப்பட்டது என்றேன். "யாரு ஓட்டச் சொன்னது?" என்றாள். அதுவும் இல்லை என்றேன். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டாள். "அந்த ஆளு பேரு மட்டும் இருக்குதா இதுல?" என்று கேட்டாள். இருந்தது. சங்கரின் வலது கை மெஷினுக்குள் நுழைந்தது என்று கடைசி வாக்கியம். ஏழில், இல்லை, ஒன்றை நான் எடுத்துவிட்டதால் ஆறில், மனிதப் பெயர் இருந்தது அந்த ஒன்றில் மட்டும்தான். "நம்ம பையன்தானே கழட்டுனது? எங்கிட்ட சொன்னான், அழுதுகினே சொன்னான்" என்றாள் உன் அம்மா. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டேன்.

போனது ஐயம்பேட்டைக்கு. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எங்கே போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. ஏழுமலையைப் பார்க்கப் போனேன். அவரை உனக்குச் சின்ன வயதில் தெரியும், இப்போது முகம் நினைவிருக்காது. நம் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவர், நல்ல நெசவுக்காரர். தேருக்கு முட்டுக்கட்டை போடும் வேலையில் எனக்கு ஜோடி.

அந்த வேலை என்ன என்று நீ சரியாகப் பார்த்ததில்லை, ஏனென்றால் உனக்கு நாலு வயதான பிறகு நான் அதைச் செய்யவில்லை. நம் தெருக்கோயில் தேரை நூற்றுக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுப்பார்கள். இழுக்கிறவர்களுக்குச் சக்கரம் தெரியாது, அவர்கள் முதுகுக்குப் பின்னால் வருகிறது. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு முன்னால் கட்டை போடுகிறவர்கள் கையில். சக்கரத்துக்கு இரண்டு பேர். ஒருவன் கைப்பிடி வைத்த பெரிய கட்டையை ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் தள்ளி, அது சரியாக மாட்டியதும், "போட்டேன்!" என்று கூவ வேண்டும். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் இரண்டாமவன் சக்கரத்தை ஒட்டிக் காலை வைத்துக் குனிந்து, சின்னக் கட்டையை இடுக்கில் சொருகுவான். அந்தச் சத்தத்தில், கூட்டத்தில், எதையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள நேரம் இருக்காது. ஜோடியின் குரலை நம்பித்தான் காலை வைப்பது. முன் இடது சக்கரம் எங்கள் வீட்டுக்கு உரியது. என் அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்தது. வாத்தியார் ஆன பிறகும் வருடத்துக்கு ஒரு நாள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

வேகமாகக் கூவுகிறவன் கெட்டிக்காரன் என்று பெயர். எட்டு வருடத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. கட்டை மாட்டிய பிறகு கூவாமல், தள்ளும்போதே கூவ ஆரம்பித்தேன். அரை நொடி வித்தியாசம். எட்டு வருடமும் ஒன்றும் ஆகவில்லை. உனக்கு நாலு வயதான அந்த வருடம் வடக்கு முக்கில், வெயில் சூடு தணியத் தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். என்னுடன் வேலை பார்க்கும் வாத்தியார்கள் இரண்டு பேர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தள்ளினேன், "போட்டேன்!" என்று கூவினேன். கட்டை ஈரத்தில் வழுக்கிக் குப்புறப் புரண்டது. ஏழுமலை என் குரலைக் கேட்டுக் காலை வைத்தார். சக்கரம் நிற்கவில்லை. அவருடைய இடது பாதத்தில் முன்பாதி போய்விட்டது. பள்ளத்தறியில் உட்கார்ந்து மிதி மிதிக்கிற கால். அதற்குப் பிறகு அவர் தறியில் உட்காரவே முடியவில்லை.

காப்பீட்டுக்கு ஆங்கிலத்தில் விவரம் எழுதித் தர வேண்டும் என்றார்கள். கோயில் கமிட்டியில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுதினேன். கட்டை இடப்பட்டது. குரல் கொடுக்கப்பட்டது. இருப்பினும் சக்கரம் நகர்ந்ததாகக் காணப்பட்டது. எவ்வளவு அழகான ஆங்கிலம் என்று கமிட்டியில் பாராட்டினார்கள். தமிழில் எல்லோருக்கும் படித்துச் சொன்னேன், ஏழுமலையின் மச்சானும் அங்கே இருந்தான். பொய் எழுதவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கட்டை இடப்பட்டது உண்மை. குரல் கொடுக்கப்பட்டதும் உண்மை. எது முன்னால், எது பின்னால், யார் என்பதை மட்டும் எழுதவில்லை. அடுத்த வருடம் முதுகுவலி என்று சொல்லி என் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். உன் அம்மாவிடம்கூட நேற்றுவரை சொல்லவில்லை.

ஏழுமலை ஐயம்பேட்டையில் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இன்னா வாத்தியாரே, இம்மாந்தூரம்? பையன் கல்யாணப் பத்திரிகையா?" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். கட்டை மாட்டுவதற்கு முன்னாலேயே கூவியதை, அது எனக்கு வழக்கமாகிப்போயிருந்ததை, எல்லாவற்றையும். நடுவில் ஒரு பெண் வந்து ஷாம்பு பாக்கெட் கேட்டாள். எண்ணி எடுத்துக் கொடுத்தார். அவள் போனாள். பிறகு கேட்டார்.

"அப்போ நீ கூவசொல்ல கட்டை உள்ள போவலயா?"

"போவல ஏழுமல."

"அப்போ நான் அவசரப்படல."

"இல்ல. நீ சரியாத்தான் வெச்ச. தப்பு பண்ணது நான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவருக்கு எல்லாம் தெரியும், பெரிய மனசு, இத்தனை வருடம் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்றுகூட உள்ளுக்குள் ஓர் ஆசை வைத்திருந்தேன். அவர் தன் இடது காலைப் பார்த்தபடி சொன்னார். "இருவத்திரெண்டு வருசமா நான் அவசரப்பட்டு பூந்துட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கேன் வாத்தியாரே. நீ கூவறதுக்கு முன்னாடியே கால வெச்சிட்டேன் போலக்குதுன்னு. கட்டையும் போட்டாங்க, கொரலும் குடுத்தாங்கன்னு எழுதியிருக்குது, நீதான் பாத்து வெச்சிருக்கணும்னு மச்சான் வந்து சொன்னான். என் பொண்டாட்டி சாவற வரைக்கும் அத்தயேதான் சொல்லிக்கினு இருந்தா. உன் அவசரம்தான் குடும்பத்தயே கெடுத்துச்சின்னு. நானும் ஆமாம்மா, ஆமாம்மான்னு கேட்டுக்கினேன். என் பையன ஒருநாள்கூட வடத்தத் தொட உட்டதில்ல, நம்ம குடும்பத்துக்கே நிதானம் கெடையாதுடான்னு." அப்புறம் குரல் மாறியது. "எய்ந்து போ வாத்தியாரே. இன்னிக்கி உன் மூஞ்சியப் பாக்க என்னால ஆவாது."

நான் எழுந்து வந்துவிட்டேன். குடிக்காத கலர் பாட்டிலை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

தம்பி, ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது எங்கே இறங்க வேண்டும் என்று டிரைவர் கேட்டதற்கு, ஐயம்பேட்டை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, "இன்னாபா, சுகர் கிகர் இருக்குதா?" என்று கேட்டு ஒரு மிட்டாய் கொடுத்தாள். நான் நினைத்துக்கொண்டிருந்தது சங்கரை. அவரே தன் கவனக்குறைவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டு நிம்மதியானேனே, அவரை. முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், செய்தவன் பெயரை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும் என்று. காலியாக இருப்பதில்லை. அடிபட்டவன் தானே போய் அதில் உட்கார்ந்துகொள்கிறான். அவனுக்கு வேறு யாரும் கண்ணில் படுவதில்லை. இன்னும் இருபது வருடம் கழித்து அந்த மனிதர் முசரவாக்கத்தில் உட்கார்ந்து தன் பெண்களிடம், எனக்கு நிதானம் போதவில்லையம்மா என்று சொல்லிக்கொண்டிருப்பார். தயங்கினவர் அவர். ஒருமுறை வேண்டாம் என்று நின்றவர் அவர். அந்த ஒரு வாக்கியத்தைப் பாசிவில் வரவில்லை என்று தூக்கிப்போட்டவன் நான்.

என் பயம் ஒன்றல்ல, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நீ பழையபடி உண்மையை எழுதிக் கொடுத்தால் உன் வேலை போகலாம். போலீஸ் கேஸ் ஆகலாம். தை மாதம் கல்யாணம், பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. பெண் வீட்டார் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. நீ காக்கிச் சட்டைக்காரர்கள் நடுவில் நிற்பதாக நினைத்துப் பார்க்கிறேன், அடுத்த நொடி கண்ணைத் திறந்துவிடுகிறேன். மாற்றி எழுதினதே இருக்கட்டும் என்று ஒரு குரல் உள்ளே கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அது அப்பன் குரல், அதைத் தப்பென்றும் எனக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் இன்னொரு பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. நீ தப்பித்துவிட்டால் என்ன ஆவாய் என்று எனக்குத் தெரியும். நான் ஆகியிருக்கிறேன். தேர் வரும் மாதத்தில் வடக்கு முக்கு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறவனாக, ஏழுமலை எதிரில் வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிகிறவனாக, தன் பையன் இங்க் கொட்டிவிட்டு வந்து நின்றால் இலக்கணத்தைப் பாராட்டுகிறவனாக.

உன் முதல் ஏழு வாக்கியத்தை நான் அழிக்கவில்லை. போனில் அப்படியே இருக்கிறது. பிசகியிருந்த அந்தக் காலத்தை மட்டும் திருத்தி, இந்தக் கடிதத்துக்குப் பின்னால் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். நாலு ‘ஐ’யும் அதனதன் இடத்தில் இருக்கிறது. நீ பயந்து நடுங்கிக்கொண்டே எழுதியபோதும் உண்மையைத்தான் எழுதினாய், யாரும் கேட்காமலே. என் பிள்ளை அவ்வளவு நல்லவன் என்று அதைத் திருத்தி முடிக்கும்வரை எனக்குத் தெரியவில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆக்டிவ் வாய்ஸில்.

இதுவரை எழுதி நிறுத்திவிட்டு முகம் கழுவப் போயிருந்தேன். உன் மெசேஜ் வந்திருக்கிறது. "இன்னிக்கே வரச் சொல்லி கையெழுத்து வாங்கிட்டாங்கபா. நீ மாத்திக் குடுத்ததுலதான் போட்டேன். இத்தோட வுட்டுடு. அம்மாகிட்ட சொல்லாத" என்று. ஐந்து முறை படித்தேன். முதல் முறை படித்தபோது எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, இனி முடிவெடுக்க ஒன்றும் இல்லை என்று. அந்த நிம்மதியை வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இருந்த நான் வைத்துக்கொண்டிருப்பேன். இப்போது அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் உனக்கு எடுத்துவைத்திருந்த முறுக்கை டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டாய், சரி. திங்கட்கிழமைதான் அது மேலே போகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். போட்டவன் போய்த் திருப்பி வாங்கலாம், கிழித்துப்போட்டு வேறு எழுதிக் கொடுக்கலாம். அதைச் செய் என்று உன்னைக் கட்டாயப்படுத்தும் வயது எனக்கும் தாண்டிவிட்டது, உனக்கும் தாண்டிவிட்டது. ஆனால் சங்கர் படுத்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்று அன்றைக்குப் பேச்சுவாக்கில் சொன்னாய். விசாரித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரம் நாலு மணி. அம்மாவோடு நானும் அதே பஸ்ஸில் வருகிறேன். உன் அறைக்கு வரமாட்டேன், அவள் மட்டும் வருவாள். நான் மூன்றரைக்கே ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். நீ வந்தால் நீ உள்ளே போய்ச் சொல், நான் உன் பின்னால் நிற்கிறேன், திங்கட்கிழமையும் உன்னோடு நிற்கிறேன், அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் அங்கேயும்.

நீ வராவிட்டால் நாலு மணிக்கு நான் உள்ளே போவேன். அந்த மனிதர் கட்டுப் போட்ட கையோடு யார் நீங்கள் என்று கேட்பார். நான் சொல்வேன்: மூடியைக் கழற்றியது என் மகன். அவன் பெயரை எடுத்தது நான்.

அப்பா